மலைப் பிள்ளைகளை மரமேற விடுவது எப்படி: நீலகிரிப் பெற்றோருக்குச் சில வழிமுறைகள்

கோத்தகிரி, குன்னூர், கேத்தி என்று நீலகிரியின் எந்த ஊரிலும் நாற்பது வயதைக் கடந்த இரண்டு பேர் சேர்ந்து தேநீர் குடிக்க உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் சிறுவயது விளையாட்டுக்கு வந்து சேரும். புல்மேட்டில் சாக்கை விரித்துச் சறுக்கியது, பேரிங் வண்டியில் வளைவு திரும்பியது, லவ்டேலிலிருந்து கேத்தி வரை தண்டவாளத்தின்மேல் நடந்தது, தவிட்டுப்பழம் தேடிப் புதருக்குள் நுழைந்து சட்டை கிழிந்து வந்தது என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது" என்ற பெருமூச்சும் தவறாமல் வரும். பெருமூச்சு விட்டவரே வீட்டுக்குப் போனதும், மதில்மேல் ஏறி நிற்கும் தம் மகனைப் பதறிப்போய் இறக்கி விடுவார். அந்தப் பெருமூச்சுக்கும் இந்தப் பதற்றத்துக்கும் நடுவில் இன்றைய பெற்றோர் செய்யக்கூடியது என்ன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பழைய கதைகளில் இரண்டு செய்திகள் விடுபட்டுப் போகின்றன. கதை சொல்பவர்கள் எல்லாரும் கைகால் சுகத்தோடு வளர்ந்து ஆளானவர்கள் என்பது ஒன்று. "நாங்களெல்லாம் நன்றாகத்தானே வளர்ந்தோம்" என்று சொல்ல முடியாமல் போனவர்கள், குட்டையில் மூழ்கியவர்களும் லாரிச் சக்கரத்தில் சிக்கியவர்களும், தேநீர்க் கடை பெஞ்சில் வந்து உட்காருவதில்லை. இன்னொன்று, யார் கண்ணிலும் படாமல் திரிந்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த நாள்களில் ஊரே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது. சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன் வீட்டுத் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பாட்டி, வளைவில் பெட்டிக்கடை வைத்திருந்தவர், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே ஆட்டத்துக்கு நடுவராகவும் இருந்த பத்து வயது அக்கா என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் இருந்தார்கள். ஒரு பையன் ஓடைப் பக்கம் போகிறான் என்றால், அவன் திரும்பி வருவதற்குள் செய்தி அவன் வீட்டுக்குப் போய்விடும். செங்குத்துப் பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் குறும்பர்களிடையே, மேலே நின்று கயிற்றைக் காப்பவர் மனைவியின் சகோதரராக இருப்பது வழக்கம் என்று சொல்வார்கள். தொங்குபவர் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதில் அவருக்குத் தம் சகோதரியை முன்னிட்டு அக்கறை உண்டு. நம்முடைய சிறுவயது விளையாட்டும், நமக்குத் தெரியாமலேயே, அப்படிப்பட்ட கயிறு ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்களில் பெரும்பகுதி இன்று இல்லை. பக்கத்து வீடு சுற்றுலாக் காட்டேஜாக மாறிவிட்டது. அதில் வாரத்துக்கு ஒரு புதிய குடும்பம் வந்து போகிறது. இளைய குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டன. சாலையும் பழைய சாலை இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு விதித்த வரம்பே வார நாள்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள். கட்டுப்படுத்திய பிறகும் இவ்வளவு என்றால், மலைச்சாலையில் ஓட்டிப் பழகாத எத்தனை பேர் நம் வளைவுகளில் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். காட்டு விலங்குகளும் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் குடியிருப்புக்குள்ளும் சர்வ சாதாரணமாக நடமாடுகின்றன. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. ஆகவே பயப்படும் தாயைப் பார்த்து, "எங்கள் காலத்தில் இப்படியா" என்று கேலி பேசுவது நியாயமில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது; அந்தப் பயத்தை எந்த இடத்தில் செலவழிப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். கொய்யா மரத்துக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டுக்குள் அடைக்கும் நாமே, அதே பிள்ளையை ஹெல்மெட் இல்லாமல் பைக்கின் முன்னால் உட்காரவைத்துச் சந்தைக்கு அழைத்துப் போகிறோம்.

முதலில் கண்களைத் திரட்டுங்கள்

பிள்ளையை வெளியே அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஒரே தெருவில் அல்லது ஒரே லயனில் உள்ள மூன்று நான்கு வீட்டாரிடம் பேசி, வாரத்தில் சில நாள்களுக்கு ஒரு பொதுவான விளையாட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். மலையில் பள்ளி விட்ட பிறகு கிடைக்கும் வெளிச்சம் குறைவு. ஆகவே பள்ளி நாளில் நாலரைக்குத் தொடங்கினால் ஐந்தரைக்கு முடித்துவிட வேண்டும், சனி ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு மேல் தாராளமாக விடலாம். ஒவ்வொரு நாளும் ஒரு பெரியவர் பொறுப்பு. அவருடைய வேலை விளையாட்டைச் சொல்லிக் கொடுப்பதும் சண்டையைத் தீர்த்துவைப்பதும் அன்று. பிள்ளைகளின் குரல் கேட்கும் தூரத்தில், அவர்கள் சாதாரணமாகப் பேசுவது காதில் விழாத தூரத்தில், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. கைப்பேசி மட்டும் பையில் இருக்க வேண்டும், ஏனென்றால் கீரை ஆய்பவர் அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பார், கைப்பேசி பார்ப்பவர் பார்க்கமாட்டார்.

வயது கலந்த கூட்டமாக இருப்பது முக்கியம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால், ஏழு வயதுப் பிள்ளைகள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பெற்றோரிடம் கற்பதைவிட விரைவாக அதனிடம் கற்றுக்கொள்கின்றன. பக்கத்தில் தேயிலைத் தோட்டம் இருந்தால் அங்குள்ள மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள். அனுமதி கேட்பது மரியாதை என்பதோடு, எந்தப் பகுதியில் மருந்து அடித்திருக்கிறார்கள், எந்தப் பகுதியில் செடியை வெட்டிக் கவாத்து செய்திருக்கிறார்கள், காலையில் எந்தப் பக்கம் காட்டெருமை நின்றது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பிள்ளைக்குத் தெரியும் ஆபத்து, தெரியாத ஆபத்து

கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2024-இல், குழந்தைகளின் துணிச்சலான வெளி விளையாட்டை ஊக்குவிக்குமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அதில் அவர்கள் பிரித்துக் காட்டியது நமக்கும் பயன்படும்: குழந்தை தானே பார்த்து, எடைபோட்டு, வேண்டும் வேண்டாம் என்று முடிவெடுக்கக்கூடிய ஆபத்து வேறு, குழந்தையால் ஊகிக்கவே முடியாத ஆபத்து வேறு. மரத்தின் உயரம் முதல் வகை. அந்த மரத்தின் கிளை உள்ளே உளுத்திருப்பது இரண்டாவது வகை. உயரத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். உளுத்த கிளையைப் பார்ப்பது உங்கள் வேலை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். உயரத்தைப் பார்த்துக் கத்துகிறோம். கிளையைத் தட்டிப் பார்ப்பதில்லை.

நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், குழந்தைகள் விரும்பித் தேடும் அபாய விளையாட்டுகளை 2007-இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நெருப்பு நீர் போன்ற ஆபத்தான பொருள்கள், மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணிலிருந்து மறைந்து சுற்றித் திரிதல். மரக்குரங்கு, சாக்குச் சறுக்கல், பேனாக்கத்தி, சுட்ட உருளைக்கிழங்கு, கபடி, ஐஸ்பாய் என்று நம் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்தால் ஒன்றுகூட விடுபடவில்லை. இந்த ஆறும் ஒரே அளவில் முக்கியமில்லை. மலையில் உயரமும் வேகமும் சுற்றித் திரிதலும்தான் பெரிய விஷயங்கள். மல்லுக்கட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்கும்வரை தலையிடாதீர்கள்.

உயரம்

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கொய்யாவும் பேரியும் பழகுவதற்கு நல்லவை. கிளைகள் தாழ்வாகப் பிரிகின்றன, கொய்யாக் கிளை வளையுமே தவிர எளிதில் முறியாது. உதகைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாலையோரத்தில் முறுக்கிக்கொண்டு குட்டையாக வளர்ந்திருக்கும் காட்டுப்பூவரசு உண்டு. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கில் ஏறவிடக்கூடாது. நேராக உயர்ந்த மரம், கிளை சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று முறியும். தைலம் எடுக்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும். அதன் அடியில் விளையாட்டே வேண்டாம். சீகை (வாட்டில்) மரத்தில் நம் தலைமுறை முழுவதும் ஏறியிருக்கிறது என்றாலும், அதன் வேர் ஆழம் போகாதது. மழையில் ஊறிய சரிவில் மரமே சாய்ந்துவிடும். சோலைக் காட்டு மரங்களில் பாசி வழுக்கும், தவிர அவை வனத்துறையின் எல்லைக்குள் இருப்பவை.

மரத்தை முடிவு செய்த பின் நீங்கள் ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். இலையில்லாத கிளை எது, பட்டை உரிந்த இடம் எது, குளவிக்கூடோ தேன்கூடோ இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பிறகு குனிந்து கீழே பாருங்கள். விழுந்தால் எதன்மேல் விழுவார்கள் என்பதுதான் காயத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. கல், வெட்டிய அடிக்கட்டை, வேலிக் கம்பி ஆகியவற்றை அகற்றுங்கள்; அகற்ற முடியாவிட்டால் வேறு மரம் பாருங்கள். பிள்ளையின் கழுத்தில் இருக்கும் மப்ளர், தலையிலிருந்து நாடா தொங்கும் குல்லா, பள்ளி அடையாள அட்டையின் கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். கிளையில் மாட்டிக் கழுத்தை இறுக்குவது இவைதாம். அதே காரணத்தால் மரமேறும்போது ஹெல்மெட்டும் கூடாது. கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது. வெறுங்கால் அல்லது கான்வாஸ் ஷூ போதும். மூடுபனி இறங்கி மரம் நனைந்திருக்கும் நாளில் விடுமுறை.

ஏறுவதற்கு ஒரே விதி: யாரும் தூக்கிவிடக்கூடாது. தன் கையாலும் காலாலும் ஏற முடியாத கிளைக்கு நீங்கள் தூக்கிவிட்டால், இறங்கும் திறன் இல்லாத இடத்தில் பிள்ளையை வைத்துவிட்டீர்கள் என்று பொருள். அழுதாலும் தூக்கிவிட வேண்டாம்; அடுத்த மாதம் கை நீளும். இரண்டு கை இரண்டு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று மரத்தில் இருக்க வேண்டும், நான்காவது மட்டுமே நகரலாம் என்பதைத் தரையில் நிற்கும்போதே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். தன் கணுக்காலைவிடப் பருமனான கிளையில்தான் கால் வைக்க வேண்டும், அதிலும் தண்டை ஒட்டிய இடத்தில் வைக்க வேண்டும். முதல் சில நாள்கள் உங்கள் தலை உயரத்தைத் தாண்டாமல், அதே உயரத்தில் ஏறி இறங்கட்டும்.

ஆறு ஏழு வயதுப் பிள்ளை ஒன்று கொய்யா மரத்திலிருந்து முதன்முறை இறங்குவதைக் கிட்ட நின்று பாருங்கள். முகத்தை வெளிப்பக்கம் திருப்பி உட்கார்ந்து, குதித்துவிடலாமா என்று முதலில் பார்க்கும். பிறகு வயிற்றால் கிளைமேல் படுத்துத் தண்டைப் பார்த்துத் திரும்பும். வலது கால் காற்றில் துழாவும். கீழ்க்கிளை இரண்டு விரல் தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கட்டை விரல் பட்டையைத் தொட்ட கணத்தில் கை விரல்களின் வெளுப்பு மாறும், நின்றிருந்த மூச்சு திரும்பும். இந்த அரை நிமிடத்தில் நாம் செய்யும் பெரிய கெடுதல் "பாத்து, பாத்து! விழுந்துடுவே!" என்று கத்துவது. அந்தக் குரலுக்குப் பிள்ளை கிளையை விட்டுவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும். பேசித்தான் ஆக வேண்டும் என்றால், "அடுத்த கால் எங்க வைக்கப் போற?" என்று மெல்லக் கேளுங்கள், "இடது காலுக்குக் கீழ ஒரு கிளை இருக்கு பார்" என்று தகவல் சொல்லுங்கள். இரண்டுக்கும் வாய் வராவிட்டால் சும்மா இருங்கள். சும்மா இருப்பதற்குப் பயிற்சி வேண்டும், அதற்குப் பிள்ளைகளைவிட நமக்குத்தான் அதிக நாள் ஆகிறது.

வேகம்

சாக்குச் சறுக்கலுக்குச் சரிவைவிடச் சரிவு முடியும் இடம் முக்கியம். சறுக்கிய நீளத்தில் பாதி அளவாவது சமதரை அடியில் இருக்க வேண்டும். வேலியிலோ, ஓடையிலோ, சாலையிலோ, தேயிலை வரிசையிலோ முடியும் சரிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். காலையில் ஒரு கோலை எடுத்துக்கொண்டு சரிவு முழுவதும் நீங்களே நடந்து, புல்லைக் கிளறிக் கல்லும் கட்டையும் கண்ணாடிச் சில்லும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2022-இல் நம் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. அதனால் புட்டிகள் குறைந்திருந்தாலும், உடைந்த புட்டியைப் பத்து ரூபாய்க்கு யாரும் வாங்குவதில்லை என்பதால் அவை புல்லிலேயே கிடக்கின்றன.

கோணிச்சாக்கு மெதுவாகப் போகும், பிளாஸ்டிக் உரச்சாக்கு பறக்கும். பழகும்வரை கோணி, குதிகாலை ஊன்றி நிறுத்தத் தெரிந்த பிறகு உரச்சாக்கு என்று வரிசை வைத்துக்கொள்ளலாம். உரச்சாக்கை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். கால் முன்னால் நீட்டி உட்கார்ந்தே போக வேண்டும், தலை முன்னால் போகும்படி குப்புறப் படுப்பது கூடாது. கீழே போனவர் எழுந்து பாதையை விட்டு நகர்ந்த பிறகுதான் மேலே இருப்பவர் புறப்படலாம். மோதல் பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான் நடக்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனி நாள்களில் காலைப் புல்லில் எந்தச் சாக்கும் நிற்காது. பனி காய்ந்த பிறகே விட வேண்டும்.

பேரிங் வண்டி இன்றும் செய்யலாம், பொதுச்சாலையில் மட்டும் ஓட்டக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. இரவு ஏழு மணிக்கும் வண்டி ஓயாத வளைவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வரும் பிள்ளையை ஓட்டுநரால் பார்க்கவே முடியாது. பள்ளி மைதானத்துச் சாய்தளம், சங்கிலி போட்டு மூடிய தோட்டப் பாதை, கோவில் முற்றம் போன்ற இடங்களில் அனுமதி வாங்கி ஓட்டலாம். மெக்கானிக் கடையில் பழைய பேரிங்குகளை வாங்கி, பலகையை அறுத்து, முன் கட்டையைக் காலால் திருப்பும்படி நடுவில் ஒரே போல்ட்டில் பொருத்துவது வரை பிள்ளையே செய்யட்டும், நீங்கள் கூட இருங்கள். நம் காலத்து வண்டிகளில் பிரேக் கிடையாது, செருப்புதான் பிரேக். இப்போது முதல் வேலையாகப் பிரேக்கைச் செய்யுங்கள்: பழைய டயர்த் துண்டு ஒன்றை ஒரு நெம்புகோல் கட்டையின் நுனியில் ஆணி அடித்து, கையால் இழுத்தால் தரையில் உராயும்படி பொருத்தினால் போதும். தள்ளிப் பார்த்து, பிரேக் பிடித்தால் நிற்கிறது என்பது உறுதியான பிறகு உட்காரலாம். இதற்கு ஹெல்மெட்டும் மூடிய ஷூவும் கட்டாயம்.

நெருப்பும் கத்தியும்

நெருப்பைப் பழக்க நீலகிரியில் உருளைக்கிழங்கைவிட நல்ல வழி கிடையாது. குமுட்டி அடுப்பை வீட்டுச் சிமெண்டு முற்றத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்து, கரியைப் பற்றவைப்பதிலிருந்து அணைப்பது வரை பிள்ளையிடம் விடுங்கள். தணலுக்கு மேலே போட்டால் தோல் கருகி உள்ளே பச்சையாக இருக்கும், சாம்பலுக்குள் புதைத்துக் காத்திருந்தால்தான் வேகும் என்பதை முதல் கிழங்கு சொல்லிக் கொடுத்துவிடும். நைலான் ஜெர்கின் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். அன்று பருத்திச் சட்டையும் கம்பளி ஸ்வெட்டரும் போடச் சொல்லுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்திருக்கும் காலத்தில் முற்றத்துக்கு வெளியே ஒரு தீக்குச்சியும் கிழிக்கக்கூடாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது எந்தக் காலத்திலும் குற்றம். விளையாட்டு முடிந்ததும் குளிருக்காக அந்த அடுப்பை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். பிள்ளை கற்க வேண்டிய நெருப்புப் பாடங்களில் இதை முதலாவதாக வையுங்கள்.

பேனாக்கத்தியை எட்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், வெட்டு உடலை விட்டு வெளியே போக வேண்டும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இன்னொருவர் இருக்கக்கூடாது, நடக்கும்போது கத்தி மடங்கியிருக்க வேண்டும். மொன்னைக் கத்தி கொடுப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அழுத்த வேண்டியிருப்பதால் அதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

தண்ணீர்

இங்கே என் கருத்து கண்டிப்பானது. முழங்காலுக்குக் கீழே ஓடும் ஓடையில் அணை கட்டுவதும் தலைப்பிரட்டை பிடிப்பதும் போதும். அருவிக் குட்டைகளும் எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா போன்ற அணை நீர்ப்பரப்புகளும் விளையாட்டுக்கு உரியவை அல்ல. மலைப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரின் குளிர் சில நிமிடங்களில் கைகாலை மரத்துப்போகச் செய்யும், கரை திடீரென்று ஆழமாகும். மேலே பெய்யும் மழை கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கினாலோ இலை தழை அதிகமாக மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

சுற்றித் திரிதல்

நம் தலைமுறைக்கு அதிகமாகக் கொடுத்ததும் இந்தத் தலைமுறைக்கு முற்றிலும் மறுக்கப்பட்டதும் இதுதான். இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், 1971-இல் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள்; 1990-இல் அது 9 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அங்கே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது போக்குவரத்து. நமக்குப் போக்குவரத்தோடு சிறுத்தையும் கரடியும் சேர்ந்துகொள்கின்றன.

ஆனாலும் செய்யலாம். வீட்டிலிருந்து கடை வரை, கடையிலிருந்து கோவில் வரை என்று எல்லையைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். முதல் நாள் கூடவே நடங்கள். அடுத்த முறை நூறடி பின்னால் நடங்கள். அதற்கடுத்து மறுமுனையில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டு வீட்டிலேயே இருங்கள். தனியாக அனுப்பாமல் இருவர் மூவராக அனுப்புங்கள். சாலையில் வளைவின் உட்புறம் நடக்கக்கூடாது என்பதையும், ஹாரன் கேட்டால் ஓடாமல் மேட்டுப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும் என்பதையும் அங்கேயே நின்று காட்டுங்கள். தண்டவாளம் குறுக்கு வழி ஆகாது. அதில் நடப்பது சட்டப்படி குற்றம், மேலும் குகைக்குள் ஒதுங்க இடமில்லை.

விலங்கு விஷயத்தில் நேரம்தான் வேலி. அதிகாலையிலும் பொழுது சாயும் வேளையிலும் மூடுபனி நாளிலும் பிள்ளைகள் தனியாக நடமாடக்கூடாது. காட்டெருமை நின்றால் நான்கு பஸ் நீளமாவது தள்ளி நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது, செல்ஃபி எடுக்கும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்துப் பழகிவிடக்கூடாது. சிறுத்தை தெரிந்தால் முதுகைக் காட்டி ஓடாமல், குனியாமல், சிறியவரைத் தூக்கிக்கொண்டு கூட்டமாகச் சத்தமிட்டபடி பின்வாங்க வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கும் நாள்களில் சுற்றித் திரிதல் பற்றி இங்கே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அங்கே பெரியவர் துணையின்றி எதுவும் வேண்டாம்.

ஐஸ்பாய் ஆட்டத்தைத் தேயிலைக்குள் ஆடுவதை நான் ஆதரிப்பதில்லை. இடுப்பளவு செடிக்கடியில் படுத்திருக்கும் சிறுத்தையைப் பெரியவரே பார்ப்பதில்லை என்பது ஒரு காரணம். கவாத்து வெட்டிய பகுதி இன்னொரு காரணம்: முழங்கால் உயரத்தில் சாய்வாகச் சீவிய குச்சிகள் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்து நிற்கும், ஓடி வந்து தடுக்கி விழும் பிள்ளைக்கு அவை எதைச் செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. மருந்து அடித்த வாடை மூன்றாவது காரணம். பள்ளி வளாகமும் வீட்டுப் பின்கட்டும் கோவில் சுற்றுச்சுவரும் ஒளிந்துகொள்ளத் தாராளம்.

காட்டுப்பழம் பறிப்பது இன்னும் செய்யத்தக்கது. நீங்கள் பறித்துத் தின்று காட்டிய பழத்தை மட்டும் தின்னலாம் என்று வைத்துக்கொண்டு, தவிட்டுப்பழம், விக்கிப்பழம் என்று ஒவ்வொன்றாகச் செடியோடு அறிமுகம் செய்யுங்கள். ஓடையோரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை ஊமத்தம்பூவின் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. அதையும் அதே நாளில் காட்டிவிடுங்கள்.

அடிபட்டால்

அடிபடும். சிராய்ப்பும் வீக்கமும் இல்லாத ஆண்டு இருக்குமானால் பிள்ளை விளையாடவில்லை என்றே கொள்ள வேண்டும். பள்ளி சேரும் வயதில் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசியும், பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டெட்டனஸ் தொற்றுத் தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று இப்போதே அட்டையைப் பாருங்கள். சிராய்ப்பைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவினால் போதும்; மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம். நாயோ குரங்கோ கடித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாத தூக்கம் தூங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, காதிலோ மூக்கிலோ நீர் வடிந்தாலோ 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் மருத்துவமனை சேர நேரமாகும் என்பதால் "கொஞ்சம் பார்க்கலாம்" என்று காத்திருக்கும் சௌகரியம் நமக்கு இல்லை. புதரில் விளையாடிய பிள்ளைக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து விடாத காய்ச்சல் வந்தால், அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புதரில் விளையாடியதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அது புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம்; சீக்கிரம் கண்டால் மாத்திரையிலேயே குணமாகும்.

இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் பொறுப்பு நாளில் அடிபட்டால், அந்த வீட்டுக்கு நீங்களே போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிள்ளை வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ செய்தி போனால் கூட்டம் அந்த வாரமே கலைந்துவிடும். பாட்டி தாத்தாக்கள் "அப்பவே சொன்னேன்" என்பார்கள். சொல்லட்டும், அவர்களையே அடுத்த வாரம் பொறுப்பாளராக உட்காரவையுங்கள். விழுந்த பிள்ளையிடம் மரத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். காயம் ஆறிய பிறகு அதுவே மரத்தடிக்குப் போனால், ஏறும் உயரத்தை ஒரு கிளை குறைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். போகாவிட்டால் கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு புல்மேட்டுக்குப் போங்கள்.